ஐந்தாவது தோட்டா: ஒரு .454 ரிவால்வர் நடுவில் பூட்டிக்கொண்டது ஏன்?

நாலு சுட்டாகிவிட்டது. ஐந்தாவதுக்கு ஹேமரைப் பின்னால் இழுத்தேன் (அந்த இழுப்புதான் சிலிண்டரையும் அடுத்த தோட்டாவுக்குச் சுற்றுகிறது), பாதி வழியில் நின்றுவிட்டது. கட்டைவிரலுக்கு இன்னும் கொஞ்சம் பலம் கொடுத்தேன், அப்போதும் அதே இடத்தில் வந்து முட்டியது. மெதுவாக விட்டால் ஹேமர் முன்னால் போய் உட்காருகிறது, இழுத்தால் மறுபடி அங்கேயே நிற்கிறது. சரி, சிலிண்டரைத் திறந்து பார்க்கலாம் என்று லாட்ச்சை அழுத்தினால் அதுவும் வெளியே வரவில்லை. உள்ளே சுடாத தோட்டா இரண்டு, கையில் சுடவும் முடியாத திறக்கவும் முடியாத ஒரு .454 கசூல் ரிவால்வர்.

வேட்டைப் பருவம் தொடங்க ஆறு வாரம் இருந்த நேரம் அது. இந்த ஆறு வாரத்தில் நான் என்ன பார்த்தேன், எங்கே தப்பாக நினைத்தேன், எதை அளந்த பிறகு காரணம் பிடிபட்டது என்பதை வரிசையாக எழுதுகிறேன். பெரிய ரிவால்வருக்குக் கையால் தோட்டா நிரப்புகிற யாருக்கும் இது நடக்கலாம். நடந்தவர்கள் பெரும்பாலும் 'கிரிம்ப் பத்தவில்லை, டையை இன்னும் கொஞ்சம் இறக்கு' என்ற ஒரே பதிலோடு நிறுத்திவிடுகிறார்கள். (கிரிம்ப் என்பது தோட்டாவின் பித்தளைக் கூடான கேஸின் வாயை, குண்டைப் பிடிக்கும்படி உள்ளே மடக்குவது; டை அதைச் செய்கிற அச்சு.) நானும் அப்படித்தான் செய்தேன், அதனால் நிலைமை மோசமாகியது.

முதலில் அந்தத் தோட்டாவைப் பற்றிக் கொஞ்சம். .454 கசூல் என்பது அடிப்படையில் 1873ல் வந்த .45 கோல்ட்டின் நீண்ட வடிவம். டிக் கசூலும் ஜாக் ஃபுல்மரும் 1957ல் உருவாக்கினார்கள், ஆனால் அதற்கென்றே கட்டிய ரிவால்வரை ஃப்ரீடம் ஆர்ம்ஸ் விற்பனைக்குக் கொண்டுவந்தது 1983ல்தான். அதிலும் சிலிண்டரில் ஐந்து அறைதான், அறைகளுக்கு நடுவே இரும்பு தடிமனாக இருக்க வேண்டும் என்பதற்காக. அழுத்தம் அப்படிப்பட்டது. .44 மேக்னத்துக்கு அனுமதித்த உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 36,000 பவுண்டு, .454க்கு 65,000. மருந்தைப் பற்றவைக்கிற பிரைமரில் பிஸ்டல் வகையைப் போடாமல் ஸ்மால் ரைஃபிள் வகையைப் போடுவதும் இதனால்தான்: அதன் கிண்ணம் தடிமன், குழி சிறியதாக இருப்பதால் கேஸின் அடிப்பகுதியில் பித்தளையும் கூடுதலாக மிஞ்சுகிறது. என்னுடையது ஆறு அறை உள்ள, சிலிண்டர் பக்கவாட்டில் திறக்கிற வகை.

நிரப்பியிருந்தது 300 கிரெயின், அதாவது 19.4 கிராம் எடையுள்ள, ஈயத்தின் மேல் செம்பு உறை போட்ட ஜாக்கெட் குண்டு. மருந்து எச்110. அளவை இங்கே எழுதப்போவதில்லை. மருந்துக் கம்பெனி தன் அட்டவணையில் ஒரு குறிப்பிட்ட குண்டுக்கு, ஒரு குறிப்பிட்ட பிரைமருக்கு, ஒரு குறிப்பிட்ட நீளத்துக்குச் சொன்ன அளவு அது. இவற்றில் ஒன்று மாறினாலும் எண் செல்லாது. அட்டவணையைத் திறந்து வைத்துக்கொண்டு, கீழிருந்து படிப்படியாக ஏறுவதுதான் முறை.

பூட்டிக்கொண்ட அந்த நிமிடத்துக்கு வருகிறேன். வாயை இலக்குப் பக்கமே வைத்துக்கொண்டு, விரலை டிரிக்கரை விட்டு எடுத்துவிட்டு நின்றேன். பக்கத்து மேஜையில் இருந்தவர் என்னைவிட இருபது வருடம் கூடுதலாக ரிவால்வர் சுடுகிறவர், நான் கை காட்டியதும் எழுந்து வந்தார்.

"அண்ணே, சிலிண்டர் பூட்டிக்கிச்சு. சுத்தவும் இல்ல, திறக்கவும் இல்ல."

"இழுக்காதே தம்பி. அப்படியே பிடி. எத்தனை சுட்ட?"

"நாலு."

அவர் டார்ச் எடுத்துவருவதற்குள் என் மனதில் மூன்று காரணங்கள் ஓடின. மூன்றும் நியாயமான சந்தேகங்கள்தான், அதனால் சொல்லிவிடுகிறேன். ஒன்று, காலி கேஸ்களை வெளியே தள்ளுகிற எக்ஸ்டிராக்டர் நட்சத்திரத்துக்கு அடியில் எரியாத மருந்துமணி போய் உட்கார்ந்திருக்கலாம். ஒரே ஒரு மணி போதும், சிலிண்டர் ஒரு மயிரிழை முன்னே தள்ளி நின்று உரசும். எச்110 உருண்டை வகை மருந்து, பழுப்பு மஞ்சள் நிறத்தில் சின்னச் சின்ன மணிகளாகப் பேரலில் மிஞ்சியிருப்பதை அதற்கு முந்தைய வாரமே பார்த்திருந்தேன். இரண்டாவது, பிரைமர் முழுவதும் உள்ளே போகாமல் துருத்திக்கொண்டிருக்கலாம். அப்படி இருந்தால் பின்பக்கத் தகட்டில் உரசி சிலிண்டரைப் பிடித்துவிடும். மூன்றாவது, அன்று காலையில் இதே ரிவால்வரில் .45 கோல்ட் சுட்டுப் பயிற்சி எடுத்திருந்தேன். .45 கோல்ட் கேஸ் 32.6 மி.மீ., .454 கேஸ் 35.1 மி.மீ. குட்டைக் கேஸின் வாய்க்கு முன்னால் அறையில் ஒரு கரி வளையம் படியும். அப்புறம் நீளமான கேஸை உள்ளே விட்டால் அந்த வளையத்தில் முட்டி முழுவதும் இறங்காது. இறங்காமல் நிற்பது ஒரு தொல்லை என்றால், அழுத்தித் தள்ளி இறக்குவது அதைவிட ஆபத்து: கேஸின் வாய் விரிய இடமில்லாமல் போனால் அழுத்தம் ஏறும். இரண்டையும் ஒரே நாளில் சுடுகிறவர்கள் நடுவில் பிரஷ் போட்டே ஆக வேண்டும்.

அண்ணன் பக்கவாட்டில் நின்று, பேரலுக்கும் சிலிண்டருக்கும் நடுவே இருக்கிற இடைவெளியில் டார்ச் அடித்தார். "பாரு, குண்டு வெளியே வந்து நிக்குது" என்றார்.

அடுத்துச் சுட வேண்டிய அறையிலிருந்து குண்டின் மூக்கு சிலிண்டரின் முகத்தைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. சிலிண்டர் சுற்றும்போது அந்த மூக்கு பேரலின் பின்விளிம்பில் போய் முட்டி நின்றுவிட்டது. திறக்க முடியாததற்கும் அதே மூக்குதான் காரணம். ஹேமருக்கு நேரே இருந்தது நாலாவதின் காலி கேஸ், அதனால் அந்த நிலையில் எதுவும் வெடிக்க வழியில்லை. அதை உறுதி செய்துகொண்ட பிறகுதான் அவர் சம்மதித்தார். ஒரு மெல்லிய மர ஆப்பைப் பக்கத்திலிருந்து நுழைத்து, கை பேரல் வாய்க்கு முன்னால் போகாமல், அந்த மூக்கை மெதுவாக உள்ளே அழுத்தினார். தட்டவில்லை, அடிக்கவில்லை, நெம்பவில்லை. இரண்டு நிமிடத்தில் சிலிண்டர் திறந்தது.

தோட்டா தன் கேஸிலிருந்து குண்டைத் தானே வெளியே விட்டுவிடுவதை ரிவால்வர்க்காரர்கள் குண்டு குதிப்பது என்பார்கள். வெடிக்கிற தோட்டாவுக்கு இது நடப்பதில்லை, அதன் பக்கத்தில் காத்திருக்கிற தோட்டாக்களுக்கு நடக்கிறது. ரிவால்வர் உதைத்துப் பின்னால் பாயும்போது கேஸையும் விளிம்பைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிறது. குண்டோ கனமானது, இருந்த இடத்திலேயே இருக்கப் பார்க்கிறது. ஓடுகிற பேருந்து பிரேக் போட்டால் நாம் முன்னால் சாய்வோமே, அதன் மறுபக்கம் இது. கேஸ் பின்னால் உருவப்படுகிறது, குண்டு மிஞ்சுகிறது.

எவ்வளவு விசை என்று ஒரு தோராயக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 19.4 கிராம் குண்டு நொடிக்கு 490 மீட்டர் வேகத்தில் வெளியேறுகிறது, ரிவால்வர் ஒன்றரைக் கிலோ. குண்டு பேரலை விட்டு வெளியேறும்போது ரிவால்வர் நொடிக்கு 6 மீட்டருக்கு மேல் வேகம் பிடித்திருக்கும், அதைப் பிடிக்க எடுத்துக்கொண்டது ஏறத்தாழ ஒரு மில்லிநொடி. அந்த முடுக்கத்தில் 19.4 கிராம் குண்டைக் கூடவே இழுத்துப்போக வேண்டும் என்றால் பத்து கிலோவுக்கு மேல் எடையைத் தொங்கவிட்ட மாதிரி ஒரு இழுப்பு வேண்டும். இது சராசரி, உச்சத்தில் இன்னும் கூடும். குண்டின் எடையைக் கூட்டினால் இரண்டு பக்கமும் அடி விழுகிறது: உதையும் ஏறுகிறது, நகர மறுக்கிற எடையும் ஏறுகிறது. 240 கிரெயினில் ஒரு குறையும் காட்டாத அதே கேஸ், அதே டை, 300 கிரெயினில் கைவிட்டுவிடுவது இதனால்தான்.

அளந்தபோது தெரிந்தவை

நிரப்பும்போது மொத்த நீளம் 44.7 மி.மீ. வைத்திருந்தேன். .454க்கு அனுமதித்த உச்ச நீளம் 1.770 அங்குலம், கிட்டத்தட்ட 45 மி.மீ.; அதற்குள்தான் இருந்தேன். என் சிலிண்டரில் இந்த நீளத்துக்குக் குண்டின் மூக்கு முகத்தைத் தொட இன்னும் 1.6 மி.மீ. இடம் இருக்கிறது. பூட்டவைத்த ஐந்தாவது தோட்டா கேலிப்பரில் 46.3 மி.மீ. காட்டியது. ஆப்பு வைத்து உள்ளே அழுத்திய பிறகும் அவ்வளவு, அதனால் பூட்டிய நேரத்தில் அதைவிட நீளமாகத்தான் இருந்திருக்கும். ஆறாவது 45.3.

இந்த ஆறாவதுதான் என்னை யோசிக்க வைத்தது. இரண்டும் அதே நாலு உதையைத் தாங்கியவை, ஒரே மாலையில் ஒரே பிரஸ்ஸில் நிரப்பியவை. ஒன்று 0.6 மி.மீ. நகர்ந்திருக்கிறது, மற்றது அதைப்போல இரண்டரை மடங்குக்கு மேல். உதை மட்டும் காரணமென்றால் இரண்டும் ஒரே அளவு நகர்ந்திருக்க வேண்டும் அல்லவா? அப்படியானால் தோட்டாவுக்குத் தோட்டா ஏதோ வேறுபடுகிறது. அன்றைக்கு இந்தக் கேள்வியைக் காகிதத்தில் எழுதினேன், ஆனால் பதிலைத் தேடாமல் முதலில் கைக்கு வந்த வேலையைச் செய்துவிட்டேன்.

கிரிம்ப் டையை அரைச் சுற்று இறக்கினேன்.

அடுத்த வாரம் சுட்டபோது நாலாவதிலேயே உரச ஆரம்பித்தது. நிறுத்தித் திறந்து அளந்தால், மிச்சமிருந்த இரண்டுமே ஒரு மி.மீ.க்கு மேல் நகர்ந்திருந்தன. போதாததற்கு, அந்தத் தொகுதியில் பல தோட்டாக்கள் அறைக்குள் இறங்கவே முரண்டு பிடித்தன. ஒன்றை எடுத்து ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து மெதுவாகச் சுழற்றினேன். வாய் உள்ளே நன்றாகச் சுருண்டிருக்கிறது, பார்க்க அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் அதற்குச் சரியாகக் கீழே பித்தளை லேசாகப் பிதுங்கி ஒரு வளையம் மாதிரி நிற்கிறது. நகத்தை மேலிருந்து கீழே ஓட்டினால் அந்த இடத்தில் நகம் ஏறி இறங்குகிறது.

கேஸின் வாயை அளவுக்கு மீறி மடக்கினால் பித்தளைக்குப் போக வேறு இடமில்லை, கீழே வெளிப்பக்கமாகப் பிதுங்குகிறது. பிதுங்கிய இடத்தில் குண்டைத் தொடுவதில்லை. இன்னொன்று, டையிலிருந்து வெளியே வந்ததும் பித்தளை கொஞ்சம் விரிந்து திரும்பும், உள்ளே நசுங்கிய ஈயமும் செம்பும் திரும்பாது. ஆக, வாயில் ஒரு அரை மி.மீ.க்குப் பிடியை இறுக்கப் போய், அதற்குக் கீழே குண்டின் உடம்பு முழுவதையும் பிடித்துக்கொண்டிருந்த பிடியைத் தளர்த்திவிட்டேன்.

எனக்கு இந்த ஆய்வில் கிடைத்த முக்கியமான விஷயம் இதுதான். குண்டைப் பிடித்து வைத்திருப்பது கேஸ் சுவர், அது குண்டின் உடம்பை நீளவாக்கில் எவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறது என்பது. கிரிம்ப் கதவுக்குப் போடுகிற கொண்டி மாதிரி. கதவே சட்டத்தில் ஆடிக்கொண்டிருந்தால் கொண்டி எவ்வளவு நாள் தாங்கும்?

கேஸ் நீளம், அப்புறம் எக்ஸ்பாண்டர்

மிச்சமிருந்த இருபத்திரண்டு தோட்டாக்களையும் பிரித்தேன். குண்டைக் கவ்வி உருவுகிற காலட் புல்லரில் இழுக்கும்போதே கைக்குத் தெரிந்தது: சிலது நெம்புகோலைத் தொங்கிப் பிடிக்க வைத்தது, சிலது வெண்ணெயில் செருகிய கத்தி மாதிரி வழுக்கிக்கொண்டு வந்தது. பிறகு கேஸ்களை ஒவ்வொன்றாக அளந்து வரிசையில் நிறுத்தினேன். மிகக் குட்டை 34.7 மி.மீ., மிக நீளம் 35.1. இதில் ஒன்பது கேஸ் எனக்கு ஒருவர் பையோடு கொடுத்தவை, எத்தனை தடவை சுட்டவை என்று தெரியாதவை. குட்டைகளில் பாதிக்கு மேல் அந்த ஒன்பதுக்குள்ளே இருந்தன.

0.4 மி.மீ. என்றால் பெரிதாகத் தோன்றாது. ஆனால் ரோல் கிரிம்ப் என்பது கேஸின் வாய் டையின் உள்படியில் முட்டி மடங்குவது. மடங்குகிற பகுதியே மொத்தம் அவ்வளவுதான் இருக்கும். டையை நீளமான கேஸுக்கு வைத்தால் குட்டைக் கேஸ் கிரிம்ப்பே வாங்காமல் வெளியே வரும். குட்டைக்கு வைத்தால் நீளமானது பிதுங்கும். நான் இரண்டு வாரத்தில் இந்த இரண்டையும் ஒவ்வொன்றாகச் செய்து முடித்திருந்தேன். நேரான சுவருள்ள ரிவால்வர் கேஸை டிரிம் பண்ண வேண்டியதில்லை என்று பலர் சொல்வார்கள், .38 ஸ்பெஷலில் லேசான இலக்குத் தோட்டா நிரப்புகிறவருக்கு அது சரி. இந்த வகை உதைக்கு அது பொருந்தாது என்பது என் முடிவு.

தெரியாத ஒன்பதையும் ஒதுக்கினேன். மற்றவற்றை 34.85க்கு வெட்டி, பிசிறு எடுத்து, கிரிம்ப் டையை புதிதாக வைத்தேன். இந்தத் தடவை குண்டை உட்காரவைப்பதை ஒரு டையிலும் கிரிம்ப் போடுவதை இன்னொரு டையிலும் தனித்தனியாகச் செய்தேன். ஒரே டையில் இரண்டையும் செய்தால் குண்டு இன்னும் இறங்கிக்கொண்டிருக்கும்போதே வாய் மூட ஆரம்பிக்கிறது, குண்டின் தோலைச் சுரண்டுகிறது. நேரம் இரட்டிப்பாகும், பரவாயில்லை.

சோதனை எளிமையானது. ஆறு நிரப்பு, ஆறாவது கேஸின் அடியில் மார்க்கரால் ஒரு புள்ளி வை, சுடுவதற்கு முன் அதன் நீளத்தை எழுது, ஐந்து சுடு, ஆறாவதைச் சுடாமல் வெளியே எடுத்து மறுபடி அள. இரண்டாவது, மூன்றாவது என ஒவ்வொரு சூட்டுக்கும் நடுவில் திறந்து அளந்தால் நகர்வு எப்படி ஏறுகிறது என்றும் தெரியும். மூன்று தடவை செய்தேன், புள்ளி வைத்த தோட்டா 0.5, 0.5, 0.4 நகர்ந்திருந்தது.

சிலிண்டர் பூட்டவில்லை. இதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் இப்போது எல்லாம் ஒரே மாதிரி நகர்கிறது என்பதே ஒரு சேதி: கிரிம்ப்பில் இருந்த ஏற்ற இறக்கம் போய்விட்டது, அடியில் இன்னொரு குறை எல்லாத் தோட்டாவுக்கும் பொதுவாக இருக்கிறது.

அதனால் மருந்தும் பிரைமரும் இல்லாத ஒரு கேஸில் குண்டை உட்காரவைத்து, கிரிம்ப் போடாமல், குண்டின் மூக்கைக் கீழே வைத்து எடை பார்க்கும் தராசின் மேல் நிறுத்தி உள்ளங்கையால் அழுத்தினேன். முள் எட்டுக் கிலோவைத் தொடும்போது 'சரக்' என்று குண்டு கேஸுக்குள் போய்விட்டது. ஒவ்வொரு உதையிலும் பத்து கிலோவுக்கு மேல் இழுப்பு வருகிறது என்று நானே கணக்குப் போட்டு வைத்திருந்தேன். அப்படியானால் இத்தனை நாளும் கேஸ் தன் வேலையை முழுதாகச் செய்யவில்லை, மிச்சச் சுமை அந்தச் சின்ன மடிப்பின் தலையில்தான் இருந்திருக்கிறது.

மைக்ரோமீட்டரை எடுத்தேன். குண்டு 11.47 மி.மீ. சுட்டு விரிந்த கேஸைச் சுருக்குகிற சைஸிங் டையிலிருந்து வந்த கேஸின் உள்விட்டம் 11.36, அது நல்ல இறுக்கம். அடுத்த டையில் வாயை விரிக்கிற எக்ஸ்பாண்டர் குச்சி இருக்கிறதே, அது 11.45. சைஸிங் டை கொடுத்த இறுக்கத்தையெல்லாம் இந்தக் குச்சி உள்ளே போய் வெளியே வரும்போது அழித்துவிடுகிறது, மிஞ்சுவது 0.02 மி.மீ. இது என்னுடைய டை செட்டின் குச்சி. ஈயக் குண்டை நசுக்காமல் உட்காரவைக்கத் தோதாக இருக்கும் அளவு. உதை அதிகமுள்ள ஜாக்கெட் குண்டுக்கு ஒத்துவராது. குச்சியை டிரில் மெஷினில் மாட்டி, மெல்லிய எமரித் தாளால் கொஞ்சம் கொஞ்சமாக, நிமிடத்துக்கு ஒரு தடவை நிறுத்தி ஆறவைத்து அளந்து, 11.40க்குக் கொண்டுவந்தேன். சூடாக இருக்கும்போது அளந்தால் எண் பொய் சொல்லும். வாயை மட்டும் லேசாக மலரவைக்கிற மேல்படியைத் தொடவில்லை.

மறுபடி தராசு. இருபத்தைந்து கிலோ வரை அழுத்தினேன், அசையவில்லை. உட்காரவைத்த தோட்டாவைப் பார்த்தாலே தெரிகிறது: குண்டின் அடிப்பகுதி எங்கே முடிகிறது என்று கேஸின் வெளியே ஒரு மெல்லிய இடுப்பு விழுந்திருக்கிறது. குளவியின் இடுப்பு என்று அண்ணன் சொல்வார். அது தெரிந்தால் பிடி இருக்கிறது என்று அர்த்தம்.

ஒதுக்கி வைத்த ஒன்பது கேஸையும் ஒரு ஆர்வத்தில் சைஸ் பண்ணி அளந்தேன். உள்விட்டம் 11.39, 11.40 என்று வந்தது. பலமுறை சுட்டுச் சுட்டு, விரித்து மடக்கி, பித்தளை இறுகிப்போனால் அது ஸ்பிரிங் மாதிரி ஆகிவிடும்; டை எவ்வளவு அழுத்தினாலும் வெளியே வந்ததும் பழைய அளவுக்குத் திரும்பப் பார்க்கும். ஐந்தாவது தோட்டாவின் கேஸ் இந்த ஒன்பதில் ஒன்றுதான், முத்திரையைப் பார்த்து உறுதி செய்தேன். குட்டை, இறுகிய பித்தளை, பருத்த எக்ஸ்பாண்டர், மூன்றும் ஒரே கேஸில் கூடிவிட்டன.

மருந்துமணிகள் முன்பே சொன்னது

இதைத் தனியாக எழுத வேண்டும், ஏனென்றால் நான் கவனிக்காமல் விட்ட அறிகுறி இது. பூட்டிக்கொள்வதற்கு முந்தைய வாரம் பேரலில் மஞ்சள் மணிகள் மிஞ்சியிருந்ததும், குரோனோகிராஃபில் வேகம் நொடிக்கு 30 மீட்டர் வரை மேலும் கீழும் ஆடியதும் என் நோட்டிலேயே இருக்கிறது. 'மருந்து அளவில் பிசகு' என்று பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். மருந்து அளவில் பிசகே இல்லை. எச்110 நெருக்கத்தில் நன்றாக எரிகிற மருந்து: கேஸ் நிறைந்திருக்க வேண்டும், அழுத்தம் ஏறும் வரை குண்டு நின்று எதிர்க்க வேண்டும். பிரைமர் தட்டியவுடனே குண்டு வழுக்கிக்கொண்டு போய்விட்டால் மருந்து பாதி எரிந்தபடி பின்னாலேயே ஓடுகிறது. முந்தைய உதைகளில் முன்னே நகர்ந்த குண்டு என்றால் இடமும் கூடிவிடுகிறது, தீ இன்னும் பலவீனம். எக்ஸ்பாண்டரைச் சரிசெய்த பிறகு, மருந்தில் கைவைக்காமலே, ஆட்டம் நொடிக்கு 12 மீட்டருக்குள் வந்தது, பேரலில் மணிகள் அரிதாகிவிட்டன. பிடி எவ்வளவு முக்கியம் என்பதை எனக்கு நம்ப வைத்தது இந்த எண்கள்தான்.

இதற்கு நடுவில் ஒரு யோசனை வந்தது: உதையைக் குறைத்தால் குண்டு நகராதே, மருந்தைப் பத்து சதவீதம் குறைத்துப் பார்த்தால் என்ன? அண்ணனிடம் கேட்டதற்கு அவர் முகம் மாறியது. "எச்110ல அதைச் செய்யாதே" என்றார். அவர் சொன்னது சரி. இந்த மருந்தை அட்டவணையில் உள்ளதிலிருந்து மூன்று சதவீதத்துக்கு மேல் குறைக்கக் கூடாது என்று அதை விற்கிற ஹாட்ஜ்டன் கம்பெனியே எச்சரிக்கிறது. வின்செஸ்டர் 296 என்று வருவதும் இதே மருந்துதான், அதற்கும் இதே விதி. குறைத்தால் தீ சரியாகப் பிடிக்காமல் குண்டு பேரல் நடுவிலேயே நின்றுவிடலாம். அது தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் ரிவால்வர் பிளக்கும், கை போகும். லேசாகச் சுட ஆசையென்றால் அதற்கென்று உள்ள வேறு மருந்தை எடுக்க வேண்டும், இதைக் குறைக்கக் கூடாது.

சுடுகிறவனுக்கு என்ன ஆயிற்று

ரிவால்வர் சரியானது, நான் சரியாக இல்லை. அந்த இரண்டு வாரமும் ஒவ்வொரு ஹேமர் இழுப்பிலும் 'நிற்குமோ' என்ற எதிர்பார்ப்பு. 50 மீட்டரில் ஒரு உள்ளங்கைக்குள் விழுந்த குண்டுகள் கீழேயும் இடதுபக்கமும் சிதறின. அண்ணன் ஒரு வேலை செய்தார். சிலிண்டரை நான் பார்க்காமல் அவரே நிரப்பினார், ஆறில் இரண்டு மூன்று மருந்தில்லாத போலித் தோட்டா, எது எங்கே என்று எனக்குத் தெரியாது. போலி வருகிற இடத்தில் உதை இல்லை, ஆனால் பேரல் வாய் ஒரு விரல் அளவு கீழே குத்தியது, அதைச் செய்தது என் கைதான். வெடிக்கும்போது உதையில் மறைந்துவிடுகிற தப்பு அப்போது அப்பட்டமாகத் தெரிந்தது. மூன்று நாள், நாளுக்கு முப்பது சூடு மட்டும், பாதிக்கு மேல் .45 கோல்ட்டில், முடிந்ததும் அறைகளைப் பிரஷ் போட்டுக் கரி வளையத்தை எடுத்துவிட்டு .454. காதில் நுரை அடைப்பான், அதற்கு மேல் இயர்மஃப், இரண்டும். ஒன்று போதும் என்று சுடுகிறவர்களுக்கு உதையைவிடச் சத்தம்தான் முதலில் கண்ணை மூட வைக்கிறது.

காட்டில் இது எப்படி வரும்

ரேஞ்சில் ஆறும் வரிசையாகச் சுட்டுத் தீர்ந்துவிடும். வேட்டையில் அப்படி இல்லை. ஒரு சூடு, மிஞ்சினால் இரண்டு. சுட்ட கேஸை எடுத்துவிட்டுப் புதிய தோட்டா ஒன்றைப் போட்டுக்கொண்டு நடக்கிறோம். மற்ற நாலோ ஐந்தோ உள்ளேயே இருக்கின்றன. மறுநாள் காலையில் குறி பார்க்க ஒன்று சுடுவோம், மறுபடி ஒன்று நிரப்புவோம். இப்படி ஒரே தோட்டா நாலு நாளில் ஏழெட்டு உதையை, ஒரு தடவைகூட வெளியே வந்து அளக்கப்படாமல், வாங்கிவிட முடியும். அப்புறம் அது எப்போது பூட்டும்? முதல் சூட்டில் விலங்கு விழாமல், அடிபட்ட நிலையில் எழுந்து ஓடப் பார்க்கிற அந்த மூன்று நொடியில். அடிபட்ட விலங்கை விரைவாக முடிப்பது நாம் அதற்குக் கொடுக்க வேண்டிய குறைந்தபட்சம், அந்த நேரத்தில் ஹேமர் பாதியில் நிற்பதை நினைத்தாலே எனக்கு வயிறு இறுகுகிறது.

ஆகவே கடைசிச் சோதனையை இந்தக் கணக்கில் வைத்தேன். புள்ளி வைத்த ஒரே தோட்டாவை இரண்டு முழுச் சிலிண்டருக்கு உள்ளேயே விட்டுப் பத்து உதை வாங்க வைத்தேன். 44.70ல் தொடங்கியது, ஐந்துக்குப் பிறகு 44.73, பத்துக்குப் பிறகு 44.75. வேறு இரண்டு தோட்டாவிலும் செய்தேன், மூன்றிலும் மொத்த நகர்வு 0.05 மி.மீ.யைத் தாண்டவில்லை. என் சிலிண்டரில் இருக்கிற இடம் 1.6.

பருவம் முழுவதும் அந்தத் தொகுதியைத்தான் எடுத்துப்போனேன். தினமும் இரவு ரிவால்வரை இறக்கி வைக்கும்போது ஒவ்வொரு தோட்டாவின் நீளத்தையும் கேலிப்பரில் பார்த்துவிட்டு, உதை வாங்கியவற்றைத் தனி டப்பாவில் போட்டுவிடுகிறேன், அவை ரேஞ்சுக்குப் போகும். கேஸ்களுக்கு இப்போது தனித்தனிப் பெட்டி, மூடியின் மேல் எத்தனை தடவை சுட்டது என்று கோடு. நாலு கோடு விழுந்த பெட்டியை நேற்று சைஸ் பண்ணி அளந்தேன், 11.37 காட்டுகிறது. இன்னும் ஒரு சுற்று தாங்கும்.